குன்றத்தூர் மலையைப் பெரிதாகப் படம் எடுத்த நாள்

ஐப்பசியில் மலைகளைப் படம் எடுக்க எங்கே போகலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் படம் எடுத்த மலைக்கு எண்பத்து நான்கு படிகள்தான். 2012இல், தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு குன்றத்தூர் போன கதை இது.

அப்போது எனக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஈஸ்வரி, போடிக்காரி. மலையைப் பார்த்தே வளர்ந்தவள். மகள் ஏங்கிப் போவாளோ என்று அம்மாவுக்குக் கவலை. அதனால் "ஜன்னலைத் திறந்தா மலை தெரியுதும்மா" என்று இரண்டு வருடமாகப் போனில் சொல்லிவந்தாள். எங்கள் ஜன்னலில் தெரிந்தது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. இப்போது அம்மா, தீபாவளிக்கு வரும்போது அந்த மலையைப் படம் எடுத்து வா என்று சொல்லிவிட்டார்.

"பொய்யின்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருன்னு சொல்லிரும்டி" என்றாள் ஈஸ்வரி. என்னிடம் சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது.

விடுமுறை நாளில் காலை 6.40க்குப் பேருந்து. சுமார் இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பதினோரு ரூபாய். குன்றத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஆளுக்குப் பத்து.

"இன்னாம்மா, போட்டோ புடிக்கவா? ஏரி பக்கம் கறுத்துகினு கீது. சீக்கிரம் முடிச்சிக்குங்க" என்றார் ஓட்டுநர்.

அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்த ஈஸ்வரி, "இதையாடி எங்கம்மாகிட்ட காட்டுறது?" என்றாள். எப்படி எடுத்தாலும் உச்சியிலிருந்த கோயில் கோபுரமும் மின்கம்பிகளும் அளவைக் காட்டிக்கொடுத்தன. பின்பக்கம் சுற்றிப் போய், தண்ணீர் நின்ற ஒரு வயலோரம் குந்தி உட்கார்ந்தேன். அதற்குள் வெயில் அடித்தது, தூறியது, மறுபடி வெயில். 9.15க்கு மழை கொட்டியது. கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மழைத்திரை கோபுரத்தை மூடியது. மலை எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. "போய் நில்லுடி" என்றேன். வரப்பில் நனைந்தபடி நின்று சிரித்தாள். ஐந்து படம் எடுப்பதற்குள் திரை விலகிவிட்டது.

அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு ஊருக்கு எடுத்துப்போனவள், தீபாவளியன்று போடியிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா நம்பினாங்களா?"

"ரொம்ப நேரம் பாத்துச்சு. மழையில நனைஞ்சு எதுக்குடி இம்புட்டுத் தூரம் போனன்னு கேட்டுச்சு. வேலைய விடச் சொல்லலடி. படத்த பீரோவுல வச்சிருச்சு" என்றாள்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். இரண்டு பிளாஸ்டிக் பையும் ஒரு துண்டும் போதும். வயலில் இறங்குமுன் அங்கிருப்பவர்களைக் கேட்டுவிடுங்கள். வானம் கறுத்தால் உடனே திரும்பாதீர்கள், இடி இடித்தால் மட்டும் நிற்காதீர்கள். அதன்பிறகு நல்ல கேமராவோடு பெரிய மலைகளுக்கெல்லாம் போய்வந்தேன். அந்தப் படங்களுக்காக எந்த ஊரிலும் யாரும் காத்திருக்கவில்லை.