பெங்குவினுக்கு முன்னால் பொன்முடி

பள்ளிக்கூடத்தில் நான் பூகோளப் பாடம் எடுத்தவள். தென் அமெரிக்காவின் வரைபடத்தைப் புத்தகத்தைப் பார்க்காமலே கரும்பலகையில் போட்டுவிடுவேன். கீழே வால் போல வளைந்து கடலுக்குள் உடைந்து சிதறும் அந்த நுனி வரும்போது மட்டும் சாக்பீஸ் மெதுவாகப் போகும். ஓய்வு பெற்ற சில மாதங்களில், ஒரு நாள் காலை காப்பி குடித்துக்கொண்டே என் கணவர் சொன்னார்: "போர்டுல போட்டுண்டே இருந்தியே, அந்த எடத்துக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?"

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் வெளிநாடு போய் வராத வீடு குறைவு. எல்லோரும் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள். நாங்கள் புவனோஸ் ஐரிஸில் கப்பல் ஏறி, கண்டத்தின் நுனியைச் சுற்றிக்கொண்டு சிலி நாட்டில் இறங்கப்போகிறோம் என்று சொன்னதும், "அங்க யார் இருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றபோது எதிர்வீட்டு மாமி, "காமாலைக்குக் கீழாநெல்லி போறுமே, ஊசி எதுக்கு?" என்றாள்.

அந்த ஊசிதான் எனக்கு முதல் கவலை. அறுபது தாண்டியவர்களுக்கு யோசித்துத்தான் போடுவார்களாம். அவருக்கு ரத்த அழுத்தம் வேறு. எங்கள் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, சில பரிசோதனைகளும் செய்யச் சொல்லி, கடைசியில் "தைரியமாப் போட்டுக்கோங்கோ" என்றார். ஊசி போட்ட மறுநாள் லேசாக உடம்பு வலித்தது, அவ்வளவுதான். விசாக்களும் ஒவ்வொன்றாக வந்தன. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பயந்திருந்தேன். கப்பலில் சைவச் சாப்பாடு கேட்டால் கொடுப்பார்கள், சமையலறையில் நம் ஊர்க்காரர்களே இருப்பார்கள் என்று பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண் விசாரித்துச் சொன்னாள். சிலியில் இறங்கும்போது விதை, காய், ஊறுகாய் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாதாம். மாவடு ஜாடியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். பருப்புப்பொடியையும்தான்.

தீராமல் இருந்தது ஒன்றே ஒன்று. துறைமுகங்களில் இறங்கி ஊர் பார்ப்பது.

என் கணவர் அரசுப் பேருந்துத் துறையில் நேர அட்டவணை போடுகிற வேலையில் இருந்தவர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எப்போது புறப்பட்டு எங்கே எந்த வண்டியைப் பிடிக்கும் என்பது அவருக்கு மூச்சு விடுவது போல. கப்பல் நிற்கும் ஒவ்வொரு ஊருக்கும் உள்ளூர்ப் பேருந்துகளை இணையத்தில் தேடி எடுத்து, எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் புதிய அட்டவணைகள் போட ஆரம்பித்தார். கப்பல் கம்பெனியே சுற்றிக் காட்ட வண்டி ஏற்பாடு செய்யும். அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கழுத்துல சீட்டு கட்டிண்டு ஆட்டுமந்தை மாதிரி போகணுமாக்கும்? லோக்கல் பஸ்ஸுல போனாத்தான் ஊர் தெரியும்."

"நமக்கு ஸ்பானிஷ் தெரியாதே."

"பஸ்ஸுக்கு பாஷை எதுக்கு? நம்பர் போறும்."

"வரதுக்கு லேட்டாயிடுத்துன்னா? கப்பல் போயிடுமே."

"எப்படி லேட்டாகும்? ஒரு மணிக்கூர் முன்னாடியே வந்துடற மாதிரிதான் போட்டிருக்கேன். நான் வண்டி விட்டவன், கேட்டியா."

நான் படித்துத் தெரிந்துகொண்டது வேறு. கப்பல்காரர்களின் வண்டியில் போனால், தாமதமானாலும் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். தானாகப் போய்த் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு நம் பாட்டைப் பார்த்துக்கொண்டு போய்ச் சேர வேண்டியதுதான். இதைச் சொன்னால் சிரித்தார். ஆனால் படுத்தால், கரை விட்டு விலகிப் போகும் ஒரு வெள்ளைக் கப்பல் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

டிசம்பர் கடைசியில் பெண் இரண்டு குளிர்ச்சட்டைகள் அனுப்பினாள். திருவனந்தபுரத்தில் அவற்றை வீட்டுக்குள் போட்டுப் பார்த்தாலே வேர்த்து ஊற்றியது. "பொன்முடி மலைக்குப் போய்ப் போட்டுப் பார்ப்போம். நடந்தும் பழகின மாதிரி ஆச்சு" என்றார் அவர். கால் முட்டி கொஞ்ச நாளாக அவருக்குத் தகராறு. ஆனாலும் காலை வண்டியில் தம்பானூரிலிருந்து கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டுநர் கியர் மாற்றுவதைத் தலையாட்டி ரசித்துக்கொண்டு வந்தார்.

மேலே நல்ல காற்று. சட்டை இரண்டும் பாஸ். புல்மேட்டில் ஏறிப் போவது சுலபமாக இருந்தது. இறங்கும்போதுதான் அவருடைய முட்டி பிடித்துக்கொண்டது. பாதி வழியில் மலைப்பனி மஞ்சாக இறங்கி, வந்த பாதை எது என்றே தெரியவில்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தும் எழுந்தும் சாலைக்கு வந்து சேரும்போது, கடைசிப் பேருந்தின் பின்விளக்கு முதல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் கை தட்டினேன், கூப்பிட்டேன். மஞ்சுக்குள் யாருக்குக் கேட்கும்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கரெக்டான டைமுக்குத்தான் எடுத்திருக்கான்" என்றார்.

கோபம் இல்லை. குரலே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

விறகுக் கட்டோடு அந்தப் பக்கம் வந்த ஒரு அம்மாள்தான் எங்களைப் பார்த்து நின்றாள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவள். என் வயதுதான் இருக்கும்.

"பஸ்ஸு போயிட்டுதேம்மா. இனி காலைலதான் வண்டி வரும். நீங்க எங்க போவணும்?"

"கரமனைக்கு."

"ஐயாவுக்குக் காலு முடியலையோ? வாங்க, வீட்டுல செத்த ஒக்காருங்க. எஸ்டேட்டு ஜீப்பு ஒண்ணு சாமான் எடுக்க விதுரைக்கு எறங்கும். சொல்லி ஏத்தி விடுதேன்."

லயத்து வீட்டின் முன்னறையில் எங்களை உட்கார வைத்து, பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். அவருடைய முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீரும் துணியும் வந்தன. எங்கள் சட்டைகளைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் குளிருக்கா இம்புட்டுத் தடிமனா?" என்றாள். எங்கே போகப்போகிறோம் என்பதைச் சொன்னேன்.

"கப்பல்லயா? எறங்கி எறங்கி ஏறணுமோ?"

"ஆமா, ஒவ்வொரு ஊர்லயும்."

"அப்ப ஐயாவப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவர் சாயாவை ஊதிக்கொண்டே குனிந்திருந்தார்.

ஜீப் வந்தது. இருட்டுவதற்குள் விதுரைக்கு வந்து, நகரத்துக்குப் போகும் பேருந்தில் இடமும் கிடைத்துவிட்டது. நெடுமங்காடு வரைக்கும் அவர் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, ரொம்ப நேரமாக யோசித்துக்கொண்டிருந்ததைச் சொல்வது போல, "உஷுவாயாவில ஜீப் வரும்னு சொல்ல முடியாது" என்றார்.

கண்டத்தின் நுனியில் எங்கள் கப்பல் நிற்கப்போகும் ஊர் அது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"தூரமாப் போற எடத்துக்கெல்லாம் கப்பல்காரா பஸ்லயே போயிடலாம். ஊருக்குள்ள சும்மா நடக்கற எடம்னா நாமளாப் போயிக்கலாம். என்ன சொல்றே?"

"உங்க இஷ்டம்னா சரி" என்றேன். முகத்தில் நிம்மதி தெரிந்துவிடப் போகிறதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மோர் விட்டுச் சாதம் சாப்பிட்டோம். அத்தனை ருசியாக நான் சாப்பிட்டுப் பல நாளாகியிருந்தது.

மறுநாள் காலையில் அவரே பெண்ணைக் கூப்பிட்டு, எந்தெந்தச் சுற்றுலா என்று கேட்டுப் பதிவு செய்யச் சொன்னார். எது அதிக நடை, எது படியேற்றம் என்பதை எல்லாம் பார்த்து, முட்டிக்கு ஆகாததைத் தள்ளினோம். மொண்டேவீடியோவில் மட்டும் நாங்களாக நடப்பது என்று தீர்மானம். அங்கே துறைமுகத்திலிருந்து பழைய ஊர் கூப்பிடு தூரம்தான். அவர் போட்ட திட்டங்களில் ஒன்றாவது பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்.

கப்பல் ஏறிச் சில நாளில், புவேர்ட்டோ மட்ரின் என்ற துறைமுக ஊரில்தான் அது நடந்தது. பெங்குவின்கள் குஞ்சு பொரிக்கும் கடற்கரைக்குப் பேருந்தில் வெகு தூரம் போனோம். கண்ணுக்கு எட்டியவரை முட்புதரும் வெட்டவெளியும்தான். திரும்பும்போது சரளைக்கல் சாலையில் டயர் வெடித்தது. மாற்று டயரைப் பூட்டி வைத்திருந்த திருகாணிகள் துருப்பிடித்து அசையவில்லை. பேருந்துக்குள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழிகாட்டிப் பெண் தொலைபேசியில் பேசிவிட்டு, கப்பலுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, நமக்காக நிற்கிறார்கள் என்று அறிவித்தாள்.

என் கணவரைத் தேடினால் காணோம். கீழே இறங்கி, ஓட்டுநர் பக்கத்தில் நின்று, எந்தத் திருகாணியை முதலில் தளர்த்த வேண்டும் என்று மலையாளமும் தமிழும் சைகையும் கலந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஸ்பானிஷில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

நாங்கள் துறைமுகத்துக்கு வந்தபோது கப்பல் அங்கேயே இருந்தது. படியில் நின்ற கப்பல் சிப்பந்திப் பையன்கள் கை தட்டி எங்களை வரவேற்றார்கள். பேருந்தில் இருந்த யாரோ உரக்கச் சிரித்தார்கள், பிறகு எல்லோருமே சிரித்தோம். என் கணவர் கையில் கிரீஸ் கறையோடு, மேலே வரிசையாக நின்ற ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார்.

"சர்வீஸுல ஒரு ஆளுக்காகவும் நான் வண்டியை நிறுத்தினது கெடையாது" என்றார். "நிறுத்தினா இப்படித்தான் இருக்கும் போல."

கயிறு அவிழ்க்கும் சத்தம் கேட்கும்போது பெண்ணுக்கு அழைப்புப் போட்டேன். டயர், திருகாணி, அழுத அம்மாள், அப்பாவின் ஸ்பானிஷ் என்று நானும் அவரும் போனைப் பிடுங்கிப் பிடுங்கி எல்லாவற்றையும் சொன்னோம். அவள் சிரித்துக் கேட்டுவிட்டு, கடைசியில், "அது சரிம்மா, பெங்குவின் பார்த்தேளா இல்லையா?" என்றாள்.

பார்த்தோம். அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கரை கண்ணை விட்டுப் போய், லைன் அறுந்துவிட்டது.