எட்டாம் பிறையும் ஸ்கூல் லீவும்

ஞாயிற்றுக்கிழமை லீவே இல்லாத காலம் ஒன்று எங்கள் இலங்கையில் இருந்தது. சொன்னால் எங்கள் வீட்டுச் சின்னதுகள் "சும்மா கதை விடாதீங்க" என்று சிரிக்கிறார்கள். கதை இல்லை, உண்மைதான். அரசாங்கம் ஞாயிறை வேலை நாளாக்கிவிட்டு லீவைப் பௌத்தர்களின் போயா நாளுக்கு மாற்றியிருந்தது. மாசத்துக்கு நாலு போயா. முழுநிலா, அமாவாசை, இடையில் வருகிற ரெண்டு அரைநிலா. போயா அன்றும் அதற்கு முதல் நாளும் ஸ்கூல் இல்லை. இந்தக் கிழமை செவ்வாயும் புதனும் லீவு என்றால் போகப் போக அது புதனும் வியாழனுமாகிவிடும். நிலா எங்கே போகிறதோ லீவும் அதற்குப் பின்னால் போகும். அந்தக் கூத்தில் என் படிப்பே நின்றுபோகப் பார்த்தது.

மாத்தளைப் பக்கம் பல்லேபொலையிலிருந்து உள்ளே, மிளகுக் கொடிகளுக்கு நடுவே கொஞ்சம் முஸ்லிம் வீடுகள். சின்னதாக ஒரு பள்ளிவாசல், அதன் வேலியை ஒட்டி எங்கள் வீடு. வாப்பா மிளகும் வெற்றிலையும் செய்கிறவர். ஆனால் ஊருக்கு அவர் பிறைக்காரர். நோன்பு என்றாலும் பெருநாள் என்றாலும் பிறை பார்த்துச் சொல்வது அவர்தான். அந்தி நேர மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் ஏறி நின்று, "பிறை கண்டாச்சு!" என்று ஒரு சத்தம் போடுவார். மைக் எல்லாம் கிடையாது. அவர் தொண்டைக்கு அது தேவையும் இல்லை. கடைசி வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும்.

ஆகவே போயா லீவு வந்த புதுசில் ஊரே வாப்பாவிடம்தான் வந்து நின்றது. வாப்பா தனக்குத் தெரிந்த ஒரு சிங்களப் பெரியவரிடம் போய் விசாரித்தார். அரைநிலாப் போயா எட்டாம் நாளில் வரும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

"எட்டாம் நாளா? அப்ப எட்டாம் பிறை. இதுக்குப் போய்க் கலண்டர் என்னத்துக்கு?" என்றார் வாப்பா. அதோடு விஷயம் முடிந்தது.

பிழை அங்கேதான் இருந்தது. போயாக் கணக்கை அமாவாசையிலிருந்து எண்ணுகிறார்கள். நாங்கள் எண்ணுவது பிறையைக் கண்ணால் கண்ட பிறகு. அது கண்ணுக்குத் தெரிய ஒரு நாளோ ரெண்டு நாளோ பிந்தும். அதனால் வாப்பாவின் எட்டு எப்போதும் பிந்தித்தான் வந்தது. முழுநிலாப் போயாவில் வில்லங்கம் இல்லை. பௌத்தப் பன்சலைக்குப் போகிற சனம் வெள்ளை உடுத்திப் பூவோடு போவது எல்லார் கண்ணிலும் படும். மற்றப் போயாக்களில்தான் கூத்து. லீவு நாளில் நாங்கள் தலை இழுத்துச் சீவி, வெள்ளைக் கவுன் போட்டு ஸ்கூலுக்குப் போவோம். கதவு பூட்டியிருக்கும். ஸ்கூல் நடக்கிற நாளில் போயா என்று வீட்டில் இருப்போம்.

மற்றப் பிள்ளைகளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். பூட்டின ஸ்கூலுக்குப் போன நாளில் எலை ஓடையில் குதித்துக் கும்மாளம் போட்டுவிட்டுப் பகல் சோற்றுக்கு வந்து சேருவார்கள். அடுத்த நாள் வீட்டிலும் லீவு. ரெட்டை லாபம்! ஒருத்தராவது வாய் திறப்பார்களா? கள்ளப் பயல்கள், மூச்சு விட மாட்டார்கள்.

எனக்குத்தான் வயிறு எரியும். என் வயசுப் பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வீட்டோடு நின்றுவிட்டார்கள். நான் ஒருத்திதான் மிச்சம். வாப்பாவின் தங்கச்சி, என் மாமி, எங்கள் வீட்டுக்கு வந்தால் "இன்னுமா இவ போறா?" என்று கேட்காமல் பிளேன்டி தேத்தண்ணி குடித்ததில்லை. "போகட்டும், போகட்டும்" என்பார் வாப்பா. அந்தப் "போகட்டும்" என்றைக்கு வாயிலிருந்து வராமல் போகுமோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் படிக்க ஆசை. வேறு எப்படிச் சொல்வது? சோறு வேண்டாம், ஸ்கூல் வேண்டும், அவ்வளவுதான். அப்படி இருக்கும்போது நடக்கிற ஸ்கூலை விட்டுவிட்டு வீட்டில் மிளகு காயப் போடச் சொன்னால் கோபம் வருமா வராதா?

தனியாகப் போகவும் விட மாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாகப் போனால்தான் நான் போகலாம்.

"டீச்சர் நாளைக்கி வரச் செல்லின வாப்பா" என்பேன்.

"டீச்சரா பிறை பாத்த?" என்பார் வாப்பா.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

இப்படி ஒரு நாள். வாப்பாவின் கணக்குக்குப் போயா. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒருத்தரும் ஸ்கூலுக்குப் போகவில்லை. பின்னேரம் பார்த்தால் மிளகுக் கொடிகளுக்குள்ளே குடை தெரிகிறது. டீச்சர்! மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பிக்கிறவர். ஸ்கூல் விட்டதும் வீட்டுக்குப் போகாமல், வரப்பிலும் சேற்றிலும் நடந்து எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"ஊருக்குள்ள கொப்புளிப்பான் ஏதும் வந்திருச்சோன்னு பயந்துட்டேங்க" என்று மூச்சு வாங்கினார். முற்றத்தில் பையன்கள் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் உடம்பிலும் ஒரு கொப்புளம் இல்லை. டீச்சரைக் கண்டதும் சிதறி ஓடினார்கள்.

விறாந்தையில் வாப்பாவோடு ஊர் ஆண்கள் ரெண்டு மூணு பேர் இருந்தார்கள். வாப்பா எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். "இன்டைக்கிப் போயா தானே டீச்சர்" என்றார்.

"போயா முந்தா நாளே முடிஞ்சிருச்சே நானா" என்று டீச்சர் வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

வாப்பா சிரித்தார். "இல்ல டீச்சர். இன்டைக்கித்தான் எட்டாம் பிறை."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். டீச்சர் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டார். அங்கே மூடாத வாய் ஒன்றுதான். அது என்னுடையது. கதவுக்குப் பின்னால் நின்ற நான் வெளியே வந்துவிட்டேன்.

"அவங்க பிறையப் பாத்து எண்ணுறல்ல வாப்பா! அமாவாசையில இருந்து எண்ணுறாங்க! ஒங்கட கணக்குப் பிழை. செல்லிச் செல்லி எனக்கு வாய் நோகுது!"

நான் சொன்னது பிழை இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அங்கே இருந்த ஒருத்தர் களுக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வாப்பாவின் முகம் சுண்டிப் போனது. டீச்சர், உம்மா கொடுத்த பிளேன்டியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

வாப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. மஃரிபுக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கும்போது உம்மாவைப் பார்த்து, "இவ படிச்சது போதும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தாலாவது சண்டை பிடித்திருப்பேன்.

அடுத்த நாள் ஊர்ப் பிள்ளைகள் எங்கள் வேலியோரமாக ஸ்கூலுக்குப் போனார்கள். நான் பாயில் மிளகைப் பரத்திக்கொண்டு இருந்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மாமி வந்தா. அந்தக் கேள்வியைக் கேட்காமலே பிளேன்டி குடித்தா. எனக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"ஒரு கலண்டர் வாங்கித் தொங்கப் போட்டா முடியிற காரியம் தானே உம்மா? அவருக்கு என்ன அவ்வளவு வீம்பு?" என்று உம்மாவிடம் பாய்ந்தேன்.

உம்மா மிளகுக் காம்பைப் பொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னா: "தொங்கப் போட்டா வாசிக்கிறது யாரு மகள்?"

எனக்கு விளங்கவில்லை.

"அவருக்கு ஓதுற எழுத்து மட்டும் தான் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. ஒன்ன ஸ்கூல்ல சேக்கப் போன அன்டைக்கிப் கையெழுத்துக்கு வச்ச பெருவிரல் மையச் சாரத்துல தொடச்சிக்கிண்டு வந்தாரு. மூணு நாளா அந்தச் சாரத்தக் கழுவவே விடல்ல. ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. நீயும் செல்லிடாத."

அல்லாஹ்வே! வாப்பா குர்ஆனை விரித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று நான் எப்படி நினைப்பேன்? வாசிக்கத் தெரியாத மனுசன், என்னை ஸ்கூலுக்கு அனுப்பும் நாள் எது என்று வானத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். கோபப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை.

உம்மா வேலிக் கடப்பைத் தாண்டி வெளியே போகிறவள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், "டீச்சர இன்னொருக்கா வரச் செல்லு. வந்தா இவங்க வாப்பாவோட மட்டும் கதைக்கச் செல்லு" என்று சொல்லி அனுப்பினா. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

டீச்சர் வந்தார். ஆனால் அன்றைக்கும் விறாந்தையில் அதே ஆட்கள், சிரித்தவரும் உட்பட. நான் கதவுக்குப் பின்னால். உம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டா, இந்தத் தடவை வாயை அவிழ்த்துவிடக் கூடாது என்று.

"நானா, பிறை உங்களுக்குத்தான் தெரியும். நான் அதப் பத்திப் பேச வரலைங்க" என்று டீச்சர் தொடங்கினார். "எனக்குத் தெரிஞ்சது ஸ்கூல் ஒண்ணுதான். நான் என்னைக்கு வரச் சொன்னாலும் இந்த ஊர்ப் புள்ளைங்க நீங்க சொன்னாத்தான் வருதுங்க. அதனால நீங்களே சொல்லிடுங்க. இந்தத் தவணைக்கு ஸ்கூல் இல்லாத நாளெல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். பள்ளிவாசல்ல நின்னு நீங்க ஒரு சத்தம் போட்டா போதும்."

எவ்வளவு நல்ல மனுசி. வாப்பாவின் முகம் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் டீச்சர் அந்தத் தாளை நீட்டி, "வர்ற கிழமை லீவு எந்த நாள்னு ஒருக்கா பாத்துக்கோங்களேன் நானா" என்றார்.

வாப்பா தாளை வாங்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளுக்குள்ளே கெஞ்சினேன். கண்ணாடி இல்லை என்று சொல்லுங்க வாப்பா. பிறகு பார்க்கிறேன் என்று சொல்லுங்க. ஏதாவது ஒரு பொய் சொல்லிவிடுங்க. இன்னொரு தடவை அந்த ஆட்களுக்கு முன்னால் முகம் சுண்டினால், அவர் ஸ்கூல் என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்க விட மாட்டார். உம்மாவின் பிடி இன்னும் இறுகியது.

வாப்பா தாளை மடியில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது டீச்சர்" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை, பிறை சொல்கிற மாதிரி எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். "படிக்கிற வயசுல மாடு மேய்ச்சேன். ஓத மட்டும் தான் தெரியும்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"மகள்!" என்று வாப்பா கூப்பிட்டார். அத்தனை நாளாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. உம்மா என் கையை விட்டா. நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு போய் நின்றேன். தாளை நீட்டினார். "வாசி."

வாசித்தேன். முதல் நாளை வாசித்ததும் வாப்பா அதைத் தனக்குள்ளே சொல்லிப் பார்த்தார். அடுத்ததை வாசித்தேன், அதையும் சொல்லிப் பார்த்தார், ஓதப் பழகுகிற பிள்ளை மாதிரி. முடித்ததும் "இன்னொருக்கா" என்றார். ரெண்டாந்தரம் நான் வாசிக்க, எனக்கு முன்னாலேயே அவர் சொல்லிக்கொண்டு வந்தார். சிரித்த மனுசர் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாப்பா வரப்பு வரைக்கும் கூடப் போனார். திரும்பி வந்தார். தாளை மட்டும் வாங்கிக் குர்ஆன் வைக்கிற தட்டில் வைத்தார்.

நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். நாளைக்கு நானும் போகலாமா வாப்பா? இவ்வளவுதான் கேள்வி. அதைக் கேட்கக்கூட எனக்கு, அதுவும் எனக்கு, வாய் வரவில்லை. மிளகுப் பாயைச் சுருட்டி உள்ளே வைத்தேன். விளக்குக்கு எண்ணெய் விட்டேன். மஃரிப் பாங்கு சொன்னார்கள். வாப்பா தொழப் போனார்.

தொழுகை முடிந்தது. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம், படியில் ஏறி நின்று, பிறை கண்ட நாளில் போடுகிற அதே சத்தத்தை வாப்பா போட்டார்.

"நாளைக்கி ஸ்கூல் இருக்கு! இவ்வளவு நாளும் நான் செல்லின கணக்குப் பிழை! சரியான நாள என்ட மகள் வாசிச்சிச் செல்லீக்கிறா! எல்லாரும் புள்ளைகள அவவோட அனுப்புங்க!"

அவவோட!

நான் விளக்குத் திரியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கண்ணீர் கன்னத்தில் ஓடி முக்காட்டை நனைத்தது. அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்து, "கேட்டியா?" என்றா.

"கேக்கல்ல" என்றேன். "என்ன செல்லின?"

எனக்குக் கேட்டது என்று உம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னா.