கோடு போட்டிருந்த பக்கம்

மில்லர்புரத்தில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில், என் மேசை இழுப்பறைக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது. நிறம் பிரித்தறியத் தெரிகிறதா என்று பார்க்க வருகிறவர்களிடம் அதைத்தான் விரித்துக் காட்டுவேன். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள், நடுவே ஓர் எண். ஒரு பக்கத்தில் மட்டும் எனக்கு எதுவுமே தெரியாது. எத்தனை ஆண்டு பார்த்தாலும் வெறும் புள்ளிதான். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அண்ணன் நினைவு வரும், கூடவே மனசு கொஞ்சம் உறுத்தும்.

எங்கள் அப்பா தோணியில் சுக்கான் பிடித்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டு போவார். அண்ணனுக்குத் தோணி போதவில்லை. தோளில் தங்கப் பட்டை வைத்த கப்பல் அதிகாரியாக வேண்டும். படிப்பிலும் நீச்சலிலும் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மா தக்காளி வாங்கிவரச் சொன்னால் காயும் பழமுமாக அள்ளி வருவான். "அண்ணாச்சி ஏமாத்திட்டாரு" என்று பழியைக் கடைக்காரர் தலையில் போட்டுவிடுவான். கிறிஸ்துமஸ் குடிலுக்கு நான் பச்சைத் தாள் கேட்டால் பழுப்புத் தாளை நீட்டுவான். வீட்டில் அதைக் கவனக்குறைவு என்றே நினைத்தார்கள். அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான் என்பது அவனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

கப்பல் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் இந்தப் புத்தகத்தைக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதும் அவன் முகம் தொங்கிப்போனது. மாப்பிள்ளையூரணியில் இருந்த அவன் நண்பர் ஒருவர், விடைகளை மட்டும் எங்கிருந்தோ பிடித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதல் பக்கம் பன்னிரண்டு, அடுத்தது எட்டு, அப்புறம் ஆறு என்று வரிசையாக இருந்தது. ஒரு வாரம், மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி நான் கேட்பேன், அவன் சொல்வான். ஜெபமாலை மாதிரி தட்டாமல் வரும். ஒரு பக்கத்துக்கு நேரே மட்டும் எண் இல்லை, சின்னதாக ஒரு கோடு.

"இது என்னளா?" என்றான்.

"எழுத மறந்திருப்பாவ. அங்கன மட்டும் ஒனக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லுண்ணே" என்றேன். பெரிய மேதாவி நான்.

பரிசோதனை முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டான். வரிசையாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான், டாக்டரும் தலையாட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கோடு போட்டிருந்த பக்கம் வந்ததும் இவன் கண்ணுக்கு அதிசயமாக ஓர் ஐந்து பளிச்சென்று தெரிந்திருக்கிறது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற முதல் பக்கத்தை விட்டால், அன்றைக்கு அவன் நிஜமாகப் பார்த்துச் சொன்ன எண் அது ஒன்றுதான். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கங்களைத் தாறுமாறாகப் புரட்டிக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் திட்டவில்லை. "ஏலே, ராத்திரி எதிர வார கப்பலோட செவப்பு வெளக்கும் பச்ச வெளக்கும் ஒனக்கு ஒண்ணாத் தெரிஞ்சா, சுக்கான எந்தப் பக்கம் திருப்புவ?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அவன் சமையல் படித்துக் கப்பலுக்கே போனான். வெங்காயம் சிவந்ததை மூக்கு சொல்லிவிடும், இறைச்சி வெந்ததை விரல் சொல்லிவிடும் என்பான். கடலில் அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான். நான் கண் பரிசோதனைப் படிப்புக்குப் போனேன். விழித்திரையில் நிறம் உணரும் செல்கள் மூன்று வகை என்றும், மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றும் அங்கே படித்தேன். அண்ணனுக்கு அவற்றில் ஒரு வகை சரியாக இல்லை. அந்தக் கோட்டுக்கும் அங்கேதான் அர்த்தம் கிடைத்தது. நம் கண் சிவப்பு, பச்சைப் புள்ளிகளின் பேதத்திலேயே சிக்கிக்கொண்டு அந்த எண்ணைத் தவறவிடும். அந்தப் பேதம் தெரியாத கண்ணுக்கு எண் தனியாக எழுந்து நிற்கும். நண்பர் மறக்கவில்லை. எதுவும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய பக்கம் அது. ஒரே வார்த்தையில் அவனைக் காட்டிக்கொடுத்தவள் நான். இதை அவனிடம் சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

போன மாதம் விடுப்பில் வந்தவன் என்னை வீட்டுக்கு அழைத்துப்போக மருத்துவமனைக்கு வந்தான். என்ன நினைத்தேனோ, இழுப்பறையைத் திறந்து அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன்.

"அஞ்சு" என்றான், யோசிக்காமல்.

எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன் வேலைய நாந்தாண்ணே கெடுத்தேன்" என்றேன்.

"நீ மட்டும் அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா, நான் எத்தன பேரக் கடல்ல முக்கியிருப்பேனோ" என்றான். பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். "அப்ப இது ஒனக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் விரல் பட்டால் வண்ணம் கெடும் என்று வருகிறவர்களையெல்லாம் அதட்டுகிற நான் பேசாமல் இருந்தேன். என் சுட்டுவிரலைப் பிடித்துப் புள்ளிகளின் மேல் மெதுவாக நடத்தினான். "இங்கன ஆரம்பிக்கி, கீழ எறங்குது, இப்படி வளையுது பாரு. தெரியுதா?"

நான் குனிந்து பார்த்தேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்றான் அண்ணன். "என்னய மாதிரி பொய் சொல்லாத."