ஒரு கட்டை மேலே

என் கணவர் பாடிய இசைக்குழு குளுவாங் ஊரில் பிறந்தது. என்ன வகைச் சங்கீதம் என்று யாராவது கேட்டால், "கன்ட்ரி ராக்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை, தோட்டத்தில் வளர்ந்த நான்கு பேர் கவ்பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு, எங்கோ ஒரு அமெரிக்கக்காரன் குதிரையைத் தொலைத்த சோகத்தைச் செம்பனைக் காட்டு நடுவில் பாடினார்கள். டிரம்ஸ் அவருடைய அண்ணன். கித்தார் ஒரு லாரி ஓட்டுநர். பேஸ் கித்தார் தெப்ராவில் தொழிற்சாலை வேலைக்குப் போன நண்பர்.

பாட்டுக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே வாத்தியார் அண்ணன் வீட்டு கேசட் பெட்டி. அதில் கேட்கிற சுருதிக்கே கித்தார் கம்பிகளை முறுக்குவார்கள். கம்பி அடிக்கடி அறுந்துபோகும். உடனே, மட்டமான கம்பியைத் தலையில் கட்டிவிட்டதாகக் கடைக்காரத் தவுக்கேயைத் திட்டித் தீர்ப்பார்கள். ஆனால் பல்லவியில் என் கணவரின் குரல் ஏறும்போது, கல்யாண விருந்தில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்கூடக் கோழிக்கறியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அத்தைமார்கள் புடவையைச் செருகிக்கொண்டு வரிசை கட்டி ஆடுவார்கள். வேறு குழு அதே பாட்டைத் தாழ்வாகப் பாடினால் எங்கள் ஆட்களுக்கு இளக்காரம்தான். "தொண்டை இல்ல லா அவனுக்கு" என்பார் அண்ணன்.

போன ஆண்டு என் கணவரின் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பேச்சு வந்துவிடும், மேலே ஏறிப் பாடுவது சந்தேகம்தான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தபின், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரகசியமாகப் பாடிப் பார்ப்பார். அந்த உயரத்துக்குப் போகுமுன்பே குரல் உடையும். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து, "தண்ணி ஜில்லுன்னு இருக்கு" என்பார். நானும் நம்பியதுபோல் தலையாட்டுவேன். இனி இவர் பாடவே மாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வேறு பாடகரைத் தேட மற்ற மூவரும் மறுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் பேஸ் நண்பரின் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. "மாமா, நீங்கதான் பாடணும்" என்று வந்து நின்றாள். பாட்டைத் தேர்ந்தெடுக்கக் கைப்பேசியில் அசல் ஒலிப்பதிவைப் போட்டாள். தாழ்வாக ஒலித்தது.

"போன் கெட்டுப்போச்சா?" என்றார் லாரிக்காரர். வேறொரு போனில் போட்டோம். அதே தாழ்வுதான். அண்ணன் பரண் மேலிருந்து பழைய கேசட் பெட்டியை இறக்கி ஓடவிட்டார். பாட்டு ஒரு கட்டை மேலே கிளம்பியது. பெட்டியின் மோட்டார் முதல் நாளிலிருந்தே வேகமாக ஓடிச் சுருதியை ஏற்றியிருக்கிறது.

"அலமாக்! பெட்டி நம்மள இத்தனை வருஷம் ஏமாத்தியிருக்கு லா" என்றார் அண்ணன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாவம் அந்தத் தவுக்கே, கம்பி அறுந்தது அவர் குற்றமே இல்லை. எனக்கோ சிரிப்பு வரவில்லை. உடம்பு சிலிர்த்தது. அந்தப் பாட்டைப் பாடிய பெரிய பாடகர் அந்த உயரத்துக்குப் போகவே இல்லை. போனது ஒரு பழுதான இயந்திரம். அவர் பாடுகிறாரே, நாமும் பாடத்தானே வேண்டும் என்று நினைத்து, ஒரு தோட்டத்துப் பையன் அதன் பின்னாலேயே ஏறிப் போயிருக்கிறான்.

"இனிமே அசல் சுருதியிலயே பாடு தம்பி. யார் என்ன சொல்ல முடியும்?" என்றார் அண்ணன். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சிம்பாங் ரெங்கம் மண்டபத்தில் மதிய விருந்து. என் கணவர் தாழ்வாக எடுத்தார். நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் கடைசிவரை நின்றது. அத்தைமார்கள் ஆடினார்கள், கைதட்டல் ஓய நேரமானது. மாரியம்மனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

சாப்பாட்டு வரிசையில் ஒரு இளைஞர் அவரிடம் வந்தார். "அங்கிள், முன்னல்லாம் இதவிட மேல பாடுவீங்கன்னு எங்கப்பா சொல்வாரு. நிஜமா?"

"அது கேசட் பெட்டியோட கோளாறு தம்பி" என்று அவர் கதையை முழுதாகச் சொல்லிச் சிரிக்கவைத்தார். சுற்றி நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது காரை அவர்தான் ஓட்டினார். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்தவும் இல்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். குளுவாங் நெருங்கும்போது, சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பெட்டி தப்புதான். ஆனா நான் அங்க போனேன்ல?"

அவர் பக்கம் திரும்பினேன்.

"போனீங்க" என்றேன். "நாங்க எல்லாரும் கீழ நின்னு பார்த்தோம்."