பிளானிங்கா என்று கேட்டார்கள்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் ஓட்டுநர் இல்லாத சிறு ரயில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது, ஜன்னல் கண்ணாடிகள் தாமாகவே வெளுத்துவிடும். அடுத்தவர் வீட்டுக்குள் நாம் பார்த்துவிடக் கூடாதாம். கல்யாணமாகி வந்த புதிதில், மேகத்துக்குள் நுழைந்து வெளியேறுவதுபோல இருக்கும். சில வருடம் கழித்தும் அப்படி மிதந்தபடியே ஒரு காலை கிளினிக்குக்குப் போனேன். சீன நர்ஸ் என் வயதைப் பார்த்துவிட்டு, "மேரீட்? பிளானிங் ஆ?" என்றார். கரூரில் பிளானிங் என்றால் கருத்தடை ஆபரேஷன். பதறிப்போய், "நோ, நோ பிளானிங்!" என்றேன். எனக்காக எடுத்த தாளை அவர் மேசைக்குள் வைத்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த தமிழ் நர்ஸ் ஸ்டெல்லா சிரித்தார். "அக்கா, குழந்தை பெத்துக்கற ஐடியா இருக்கான்னு கேக்குறாங்க லா."

இருந்தது. பயமும் இருந்தது. பிரசவத்துக்கு ஊருக்குப் போய்ப் பெற்ற முதல் மகளுக்கு முதுகுத்தண்டு மூடவில்லை; இரண்டு நாள்தான் இருந்தாள். கிரகணத்தன்று நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனதுதான் காரணம் என்றார்கள். நம்பினேன். கனவில் அந்தப் படிகளை ஏறிக்கொண்டே இருப்பேன். வெயில் மங்கும், துணி கைக்கு எட்டாது.

சொன்னதும் ஸ்டெல்லா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார். "கிரகணமெல்லாம் இல்லக்கா. நாள் தள்ளிப்போனது நமக்குத் தெரியறதுக்குள்ளயே முதுகுத்தண்டு உருவாக ஆரம்பிச்சிடும். ஃபோலிக் ஆசிட் மாத்திரைய அதுக்கு முன்னாடியே போடணும்."

"போட்டேனே. மூணாம் மாசம்."

"அது லேட் ஆச்சே. இந்தத் தடவை டாக்டர் டோஸ் கூட்டித் தருவாங்க. இனிமே வரவே வராதுன்னு சொல்ல முடியாது, ஆனா ரொம்பக் குறையும். நடந்தது உங்க தப்பு இல்லக்கா."

நான் அழுதேன். தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்த சீன நர்ஸ், "ஸாரி, ஸாரி" என்று டிஷ்யூவை நீட்டிக்கொண்டே இருந்தார்.

கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரையைத் தொடங்கினேன். இரண்டாவது மகள் நலமாகப் பிறந்தாள். அவளுக்கு நான்கு வயதானபோது தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். மணப்பெண்ணைத் தனியே அழைத்து மாத்திரையைப் பற்றிச் சொன்னேன்.

"ஆசிட்டாக்கா?" என்று மிரண்டாள்.

"கீரையில இருக்கிற சத்துதாண்டி. அது மட்டும் போதாது, மாத்திரையும் வேணும். குழந்தை வேணும்னு நெனைக்கும்போதே ஆரம்பிச்சுடு."

வெட்கத்தோடு தலையாட்டினாள். இதைப் படிக்கிறவர்களும் அவரவர் தங்கைக்குச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் அமராவதிக் கரைக்குப் போனேன். மூத்தவளைப் புதைத்த இடத்தை மணல் மூடியிருந்தது; எந்த இடமென்று சரியாகத் தெரியவில்லை. சிங்கப்பூரில் வளரும் இளையவள் என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"ஊருக்கு எப்பம்மா போறோம்?"