ராகு காலக் கடிகாரம்

என் தாய்மாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் நேரத்தைத் தாமே பங்கு வைத்துக் கொடுப்பதாக ஒரு நினைப்பு. அவர் மகளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். எனக்கும் அவள்மேல் உயிர். இல்லாவிட்டால் அந்த மனிதரின் வாசலை மிதித்திருப்பேனா?

டச் போன் வராத காலம். விருதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, செல்போனில் போடும் கடிகாரம் ஒன்றை ஜாவாவில் எழுதியிருந்தேன். மணி காட்டும். ராகு காலம் தொடங்கினால் திரை சிவக்கும், முடிந்தால் கோயில் மணி அடிக்கும். எங்கள் பக்கம் ராகு காலத்தில் ஒரு லோடு குடோனை விட்டு நகராது. லாரிக்காரர்கள் அந்த மணிக்காகவே புளூடூத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் பிரஸ்ஸில் வேலையாட்கள் முன்னால் வைத்தே, "ஏலே, நான் அடிச்ச காலண்டரப் பாத்துக் காப்பியடிச்சிட்டு, கடிகாரம் கண்டுபிடிச்சேன்னு பீத்திக்கிட்டுத் திரியிறியே, வெக்கமா இல்ல?" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காலண்டரில் ராகு காலம் வருஷம் முழுக்க ஒரே நேரம்தான். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரை முதல் பன்னிரண்டு. சூரியன் தினமும் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு அது. சூரியன் என்ன பிரஸ்ஸுக்கு ஷிப்டுக்கு வருகிற ஆளா? அந்தந்த நாளின் உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் தக்கபடி கணக்கை மாற்றி எழுதினேன். மாசி மாதத்தில் ராகு காலம் அரைமணி நேரம் தள்ளிப் போனது. இப்போது சொல்லட்டும், காப்பி என்று!

அந்த மாசியிலேயே ஒரு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பத்தரைக்குள் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. மல்லாங்கிணற்றிலிருந்து பெரியப்பா வீட்டார் வந்த வேன் வழியில் படுத்துவிட்டது. சரி, பன்னிரண்டு தாண்டட்டும் என்று மாமா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? சொந்தக்காரர்களின் போன்களை ஒவ்வொன்றாக வாங்கிப் புதுக் கடிகாரத்தை ஏற்றிக் கொடுத்தேன். அவர் வீட்டிலேயே அவர் காலண்டருக்குப் போட்டி! பேச்செல்லாம் முடிந்து தட்டு மாற்ற ஒரு மணியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மாமாவோ பன்னிரண்டு அடித்ததுமே எல்லோரையும் விரட்டித் தட்டை மாற்றவைத்துவிட்டார்.

சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கூடத்தில் இருந்த போன்களெல்லாம் கணகணவென்று அடித்தன. என் சித்தி தன் போனைப் பார்த்து வாய்விட்டு வாசித்தாள். "ராகு காலம் முடிந்தது. அய்யய்யோ! அப்ப ராகு காலத்துலயா தட்ட மாத்துனீக?"

மாமா என்மேல் பாய்ந்தார். "எடுபட்ட பயலே! எம் மக நிச்சயத்துல வந்து சங்கு ஊதிட்டியேடா! உன் கடிகாரம் தப்பு, காலண்டருதான் சரின்னு இம்புட்டுப் பேரு முன்னாலயும் சொல்லு. சொன்னாத்தான் பொண்ணு."

"சொல்லித் தொலைலே," என்று அம்மா தொடையில் கிள்ளினாள். எனக்கு வாய் வரவில்லை. "சூரியன் உங்க பிரஸ்ஸுலயா அச்சாகி வருது மாமா?" என்றுதான் வந்தது.

அவர் தட்டைப் பிடுங்கி என் அப்பா மடியில் திணித்தார். "நீ படிச்ச லட்சணம் இதுதானாலே?" என்று அவர் கத்த, "ஒங்க காலண்டரக் கொண்டாங்க, இங்கனயே கணக்குப் போட்டுக் காட்டுறேன்," என்று நானும் கத்தினேன்.

நிச்சயப் புடவை கட்ட உள்ளே போயிருந்தவள் வெளியே வந்தாள். பாதிக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தைதான் அத்தான். பொய்யாவே இருக்கட்டும், எனக்காகச் சொல்ல வாய் வரல ஒங்களுக்கு." பிறகு தன் அப்பாவிடம் திரும்பினாள். "ஒங்களுக்கும் நான் பெருசில்ல. ரெண்டு பேரும் ஒங்க ராகு காலத்தையே கட்டிக்கிட்டு அழுங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

யார் யாரோ போய்க் கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. அடுத்த வருஷம் காரியாபட்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போய்விட்டாள்.

கணக்கு என்னவோ இன்றைக்கும் என்னுடையதுதான் சரி. அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?