ராக்கிக்கு இருவரும் கொடுத்த மாத்திரை

2003 மழைக்காலம். புனேயில் ஏரவாடாவில் குடியிருந்தோம். எங்கள் டாபர்மேன் நாய் ராக்கிக்குப் படுத்தால் மூச்சு முட்டும். முன்னங்கால்களை அகட்டி நின்றபடியே இருமுவான். இதயம் வீங்கி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். நீர் பிரிய ஒரு மாத்திரை, துடிப்பைச் சீராக்க இன்னொன்று. "இரண்டாவது மாத்திரை அளவு கூடினால் விஷம்" என்று எச்சரித்தே கொடுத்தார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவனைப் பிள்ளை மாதிரிதான் வளர்த்தோம்.

பத்து நாளில் ராக்கி படுத்துத் தூங்கினான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அடுத்த வாரமே சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். வாந்தி எடுத்தான். வெள்ளிக்கிழமை மதியம் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து திரும்பியபோது அவன் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சில் கை வைத்தேன். இரண்டு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தடதடவென்று நாலைந்து.

அந்த இரண்டாவது மாத்திரையின் அட்டையைப் பார்த்தேன். பாதியாவது இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மிச்சம்.

புனேக்கு வெளியே சாகண் தொழிற்சாலையில் அந்த வாரம்தான் இரவு ஷிப்டுக்கு மாறியிருந்த என் கணவர் சாமுவேலை எழுப்பினேன்.

"ராக்கிக்கு மாத்திர குடுத்தீகளா?"

"ஷிப்டு மாறுனதுல இருந்து ரெண்டு வேளையும் நாந்தான குடுக்கேன். நீ ஸ்கூல் வேலையில மறந்துருவன்னு..."

"ஐயோ, நானும்லா குடுக்கேன்!"

அவர் முகம் வெளுத்தது. ஒரு வாரமாக இருவரும் சேர்ந்து அவனுக்கு விஷம் கொடுத்திருக்கிறோம்.

மழை கொட்டியது. போன் செத்துக் கிடந்தது. நனைந்தபடி தெருவில் நின்று கை காட்டினேன். நாய் என்றதும் எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. உள்ளே ஓடி வந்து தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, தப்பு எங்களுடையது. அவனைத் தண்டிக்காதேயும்" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

வாசலில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு ஷிண்டே. ராக்கி குரைக்கிறான் என்று ஆறு மாதமாக எங்களோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர். நான் ஆட்டோவுக்குக் கை காட்டியதைப் பார்த்துவிட்டு, தன் காய்கறி டெம்போவை எங்கள் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

"ரோ மத் பாபி. குத்தே கோ உட்டாவ், ஜல்தி!" அழாதே அண்ணி, நாயைச் சீக்கிரம் தூக்கு என்கிறார்! அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார்: "எவ்வளவு கொடுத்தீர்கள்?" எழுதிக் கொடுத்தபடிதான் என்று சொல்ல நாக்கு துடித்தது. டீச்சர் ஆயிற்றே, எப்படி ஒப்புக்கொள்வது? ராக்கி என்னையே பார்த்தான். உண்மையைச் சொன்னேன்.

"சொன்னது நல்லதாயிற்று. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தைக் கூட்டியிருப்பேன்" என்றார் அவர்.

அந்த மாத்திரையை நிறுத்தி, இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அன்றிரவே போன் சரியாகிவிட்டது; அந்த இரண்டு நாளும் மணி அடித்தாலே பயந்தேன். மூன்றாம் நாள் சாமுவேல் கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்றான் ராக்கி. சில நாள் கழித்துக் குறைந்த அளவில் மருந்து மறுபடி தொடங்கியது. கொடுக்கும் பொறுப்பு எனக்கு மட்டும்.

இதயம் குணமாகவில்லை. டாக்டர் முன்பே சொன்னபடி, மருந்து இன்னும் சில நாட்களைத்தான் கூட்டித் தந்தது. அடுத்த கோடை வரை எங்களோடு இருந்தான். மூச்சுத் திணறாமல், தூக்கத்திலேயே போனான். குழி தோண்ட ஷிண்டேயும் வந்தார்.

ஒரு நாய்க்காக அழுததையும் கேட்ட தேவன் அவர். உங்கள் கையே தவறியிருந்தாலும் பயந்து மறைக்காதீர்கள். முதலில் அவரிடம் சொல்லுங்கள்; பிறகு, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமும் சொல்லுங்கள்.